மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான்

அந்த மதியம் நம் கல்லூரி ஹாலில் இருந்தவர்கள் பதினைந்து பேர். சென்னையிலிருந்து வந்திருந்த நாடக இயக்குநர் ஒருவர். நாடகக் குழுவுக்குப் பொறுப்பான தமிழ்த்துறை டீச்சர் ஒருவர். இயக்குநர் போடப்போகும் நாடகத்துக்கு நடிகர் தேர்வுக்கு வந்திருந்த மாணவர்கள் பன்னிரண்டு பேர், ஏழு பையன்கள், ஐந்து பெண்பிள்ளைகள். பிறகு ஹால் அட்டெண்டராகிய நான். பின்வரிசை நாற்காலிக்கு அடியில் எப்போதும் படுத்துக் கிடக்கும் நாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எலக்ட்ரீஷியன் அன்று லீவு. அவர் வந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆட்களை எண்ணுவது எனக்குப் பழக்கம். ஹாலைப் பூட்டும் முன்பு உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று எண்ணுவேன். பூட்டிய பிறகு பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, மேடைக் காற்றாடியை நிறுத்தினேனா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்த நாட்கள் நிறைய உண்டு. நிறுத்தித்தான் இருக்கும். ஆனாலும் வருவேன். பயந்த சுபாவம். வீட்டில் இதற்காக நான் வாங்கிய திட்டுகளைத் தனியாக எழுதலாம்.

எனக்குப் பிறகு ஹால் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் உதவியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டார்கள். மைக் கட்டுவதையும் திரை இழுப்பதையும் நான் எழுதப்போவதில்லை. அது ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் செய்த தப்பும், எனக்குக் கிடைத்த உதவியும் அந்த ஒரே நாளில் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அச்சடித்த எழுத்து என்றால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்து என்றால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். இந்த விஷயம் அப்போது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. காரணம், நாடகங்களுக்குப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவனே நான்தான். ஒரு தடவை அந்த வேலைக்கு வைத்திருந்த மாணவன் வராமல் போனான். ஒத்திகையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது, நான் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது என் வேலை. இரண்டு வாரம் ஒத்திகை கேட்டால் முழு நாடகமும் எனக்குள் வந்துவிடும். கையில் வசனத் தாளை வைத்திருப்பேன். எதிர்ப்பக்கம் டீச்சர் தாளைத் திருப்பும்போது நானும் திருப்புவேன். அவ்வளவுதான் என் வாசிப்பு.

இனி விஜிலாவைப் பற்றி. பேச்சிப்பாறை பஸ்ஸில் வரும் பிள்ளை, மூன்றாம் வருஷம். அப்பா ரப்பர் வெட்டுகிறவர், அண்ணன் துபாயில். முதல் இரண்டு வருஷமும் அவளுக்குக் கிடைத்தது கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேஷம்தான். அவள் பேச்சில் மலையாள வாடை, பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த வருஷம் அண்ணன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம். நல்ல வேஷம் கிடைத்தால் நடி, இல்லையென்றால் நாடகம் நாடகம் என்று கடைசி பஸ்ஸில் வருவதை இதோடு நிறுத்து என்று. அப்பாவும் அதற்குத் தலையாட்டிவிட்டார்.

"இந்த மட்டம் கெடைக்கல்லண்ணா அவ்வளவுதான் அண்ணே. எனக்க நாடகம் முடிஞ்சு" என்று ஒரு நாள் மேடைப் படியில் உட்கார்ந்து சொன்னாள். அழவில்லை. செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் ஜெபின் என்ற பையனும் மூன்று வாரமாகச் சாயங்காலங்களில் ஒரு காட்சியை ஒத்திகை பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். ஜெபின் நல்ல பையன், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இவ அழுகாளா பாடுகாளான்னு எனக்கே தெரியல்ல. பாட்டுண்ணா தாளம் போடட்டா?"

"ஏலே, நீ உனக்க வரிய மறக்காம சொல்லு, பிறகு தாளம் போடலாம்" என்பாள் அவள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தேர்வன்று அந்த இயக்குநர் மேடையில் ஏறி நின்றதும் எல்லாம் மாறிப்போனது.

"ஒத்திகை பார்த்த காட்சி எனக்கு வேண்டாம். ஒத்திகை பார்த்த ஜோடியும் வேண்டாம். நானே கையால் எழுதின காட்சிகள் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு தருவேன். கூட நடிக்க இந்த ஹாலில் இருக்கிற வேற யாரையாவது கூப்பிடலாம். ஏன் அவரைக் கூப்பிடுறீங்கன்னு ஒரே வரியில் சொல்லணும். தயாராகப் பத்து நிமிஷம்."

பிள்ளைகள் முகமெல்லாம் வெளிறிவிட்டது. ஆனாலும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவன் தன் வகுப்புத் தோழனைக் கூப்பிட்டான், "இவனுக்குக் குரல் பெருசு சார்" என்றான். இன்னொருத்தி தைரியமாக டீச்சரையே கூப்பிட்டாள். மணி மூன்றரை தாண்டியது. விஜிலாதான் கடைசி. இரண்டு தாளை அவள் கையில் கொடுத்து, "யாரைக் கூப்பிடுறே?" என்றார் இயக்குநர்.

அவள் ஜெபினைப் பார்க்கவில்லை. பக்கத் திரையைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"ஹால் அண்ணன சார்."

"அவர் நடிப்பாரா?"

"தெரியாது சார்."

"பிறகு எதுக்கு?"

"வரி மறந்துபோச்சுண்ணா இவங்க விட்டுட்டுப் போவ மாட்டாங்க. நம்பலாம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபின் கைதட்டினான். இயக்குநர் என் கையிலும் இரண்டு தாள் கொடுத்தார். முழுக்கக் கையெழுத்து. சாய்ந்து சாய்ந்து ஓடுகிற எழுத்து. 'அப்பா' என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரிந்தது.

"கண்ணாடி எடுத்துட்டு வாறேன் சார்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பின்னால் சுவிட்ச் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது ஒழுங்காக யோசிக்கவே இல்லை. மேடையில் நின்று எழுத்துக் கூட்டுவேன், பிள்ளைகள் சிரிக்கும், அதைவிட இவளுடைய வேஷம் என்னால் போகும். எப்படியாவது இன்று நடக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. நாளைக்கு நடந்தால் அதற்குள் யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். கை மெயின் சுவிட்சுக்குப் போனது. இறக்கிவிட்டேன்.

ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டிருந்த ஹால். பகலிலேயே கும்மிருட்டாகிவிட்டது. "கரண்டு போச்சே" என்று பிள்ளைகள் கூவினார்கள். நம் ஊரில் கரண்ட் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரும் இயக்குநரும் பேசுவது கேட்டது.

"எப்ப வரும் மேடம்?"

"சொல்ல முடியாது சார். எலக்ட்ரீஷியனும் இன்னைக்கு இல்ல."

"எனக்கு சாயங்கால ரயில். நாளைக்கு வேற ஊர்."

"நாளைக்கு இங்கயும் முடியாது சார், ஹாலுக்குப் பரீட்சை பெஞ்சு வந்திரும்."

"அப்படீன்னா பத்து நிமிஷம் பார்ப்போம். வரலைன்னா பார்த்த வரைக்கும் வச்சுப் பட்டியல் போட்டுடுறேன்."

பார்த்த வரைக்கும் என்றால் பதினொரு பேர். பாக்கி ஒருத்தி.

பரீட்சைக்காக அந்த பெஞ்சுகளை அடுக்கப்போவதே நான்தான். ரயிலுக்கு ஆட்டோ சொல்லி வைத்திருந்ததும் நான்தான். இரண்டும் தெரிந்த நான் நாளைக்கு என்று எப்படி நினைத்தேன்? என்னைப் போன்ற பயந்தவர்கள் பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்ப்போம். நிஜமாகவே யோசிக்க வேண்டிய ஒரு நிமிஷத்தில் மூளை எங்கேயோ போய்விடும். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பயம் வந்த நிமிஷத்தில் சுவிட்ச், கயிறு, சாவி எதிலும் கை வைக்காதீர்கள். பத்து எண்ணிவிட்டு வையுங்கள்.

கதவு திறந்தது. போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு விஜிலா நின்றாள். வெளிச்சம் என் முகத்தில் விழுந்து, பிறகு சுவரில் போய் மெயின் சுவிட்சின் மேல் நின்றது. கைப்பிடி கீழே இறங்கிக் கிடந்தது.

"அண்ணே..."

நான் தலையைக் குனிந்தேன்.

"கரண்டு போகல்ல. நீங்களா?"

"ஆமா மக்களே."

"எனக்கிட்ட வெரோதம் ஒண்ணும் இல்லியே?"

அந்தக் கேள்வி என்னைக் கிழித்துவிட்டது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "எனக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது. அச்சே கஷ்டம். இது வரைக்கும் எல்லாம் கேட்டுப் படிச்சதுதான். நீ வேற ஆள எடு மக்களே, ஜெபினத் தவிர யாரையாவது எடு. நான் போயி அவரு காலப் பிடிச்சாவது சொல்லுகேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா?

"இத அங்கயே எனக்கிட்ட ஒரு வார்த்த பறஞ்சிருக்கலாம் இல்லியா? மூணு வருஷம் அண்ணே. மூணு வருஷம் நான் இதுக்குக் காத்துக் கெடக்கேன். நீங்க கரண்டப் பிடுங்கிட்டு இருட்டுல நிக்கிய."

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா?"

லைட்டைத் தரையை நோக்கித் தாழ்த்தினாள். பிறகு குரல் மாறியிருந்தது.

"கேட்டாப் பிடிச்சுக்கிடுவியளா?"

"நாலஞ்சு தடவ கேக்கணும்."

"அதுக்கு நேரம் இல்ல. ரெண்டு தடவ வாசிக்கேன். அப்பாவுக்குப் பத்து வரிதான்."

"வேற ஆள எடுத்தா உனக்கு நல்லது, கேட்டியா?"

"எல்லாரு முன்னாலயும் நம்பலாமுன்னு சொல்லியாச்சு. இனி ஆளை மாத்துனா நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? காதக் குடுங்க அண்ணே, வாசிக்கேன்."

வெளிநாட்டு வேலைக்குப் போகும் மகளும், அவளை வழியனுப்பும் அப்பாவும். அதுதான் காட்சி. போன் லைட்டில் அவள் வேகவேகமாக இரண்டு முறை வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்து வரி நின்றது, ஐந்து நிற்கவில்லை. "போதும், போடுங்க" என்றாள். மெயினை ஏற்றினேன். ஹாலில் பிள்ளைகள் கைதட்டினார்கள். மின்வாரியத்துக்கு நன்றி என்று ஜெபின் கத்தினான்.

நான் மேடையில் எத்தனையோ ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன், பெருக்க, நாற்காலி போட, விளக்கு மாட்ட. ஹாலைப் பார்த்துத் திரும்பி நின்றது அன்றுதான் முதல் முறை. தாளைப் பிடித்திருந்தேன், பார்க்கவில்லை.

"பெட்டி கட்டியாச்சா?" என்றேன். முதல் வரி.

"கட்டியாச்சுப்பா."

"குடை வச்சியா?"

"அங்கே மழையே கிடையாதுப்பா."

"மழை இல்லாத ஊரும் இருக்கா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. நான்காவது வரி வரவில்லை. ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. என் கண் தன்னால் பக்கத் திரைக்குப் போனது. வழக்கமாக நான் நிற்கும் இடம். அங்கே யாரும் இல்லை.

விஜிலா அவசரப்படவில்லை. ஒரு மூச்சு விட்டாள், இன்னொரு மூச்சு. மூன்றாவதில் என் பக்கத்தில் வந்தாள். மகள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி கையை வைத்து, தலையைக் குனிந்து, காதருகே "பாஸ்போர்ட்" என்றாள்.

"பாஸ்போர்ட்டை எங்கே வச்சிருக்கே?" என்று என் வாய் சொன்னது.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். என் தோளில் தூசி தட்டினாள், மேல்பொத்தானைப் போட்டுவிட்டாள், கையிலிருந்த தாளை வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. அதற்கிடையில் தன் வரிகள் இரண்டை அவளே விட்டுவிட்டாள். எனக்கு அது தெரிந்தது. என்னைத் தூக்கிவிடப் போய்த் தன்னுடையதைத் தொலைக்கிறாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசி வரி, "போயிட்டு வா". இரண்டே வார்த்தை. அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் வாயை விட்டு வரவில்லை. என் மூத்த மகளும் அந்த வருஷம்தான் வேலைக்கென்று குவைத் போயிருந்தாள். ஏர்போர்ட்டில் நான் அவளிடம் பெட்டி எடையைப் பற்றித்தான் பேசினேன். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை.

விஜிலா பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று மூச்சு ஆயிற்று, நான்காயிற்று, ஐந்தாயிற்று. அவள் கிட்டே வரவில்லை. காலரைத் தொடவில்லை. சும்மா நின்றாள். நான் அவளையே பார்த்தேன். பிறகு அந்த இரண்டு வார்த்தையும் தானாக வந்தது.

முடிந்ததும் இயக்குநர் எழுந்து மேடைக்குக் கீழே வந்தார். "நீங்க தாளைப் பார்க்கவே இல்லையே, ஏன்?" என்றார்.

பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். கண்ணாடி கிடைக்கவில்லை என்றாலே போதும். ஆனால் இந்தப் பிள்ளை விட்ட இரண்டு வரி அவள் கணக்கில் ஏறிவிடுமே என்று நினைத்தேன். "எனக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது சார். இந்தப் பிள்ளைதான் காதில் சொல்லித் தந்தது. அவ ரெண்டு வரிய விட்டது எனக்காக. கரண்ட் போகல்ல சார். மெயின அணச்சது நான்தான். பயத்துல செஞ்சிட்டேன். அதுல அவளுக்குப் பங்கு இல்ல."

டீச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். இயக்குநர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குறிப்பு நோட்டில் ஏதோ எழுதினார். "பட்டியல் நாளைக்கு மேடத்துக்கு அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான். ஆட்டோ வந்து நின்றது, போய்விட்டார்.

பெஞ்சு அடுக்கும் போதெல்லாம் எனக்கு அதே நினைப்பு. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னது அவளுக்கு நல்லதா, கெட்டதா? நடிக்கத் தெரியாத ஒருவனை நம்பினாள், அவன் கரண்டைப் பிடுங்கினான் என்றுதானே அவர் எழுதியிருப்பார்?

மறுநாள் மதியம் டீச்சர் தன் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். போனைப் பார்த்து வாசித்தார்கள். ஐந்து பேர். மூன்றாவது பெயர் விஜிலா. நாடகத்தின் மையப் பாத்திரம்.

"அவர் ஏதாவது சொன்னாரா டீச்சர்?"

"அந்தப் பொண்ணு எதிர்ல நிக்கிறவரைப் பார்க்குது, மத்தவங்க எல்லாம் தங்களையே பார்த்தாங்கன்னு சொன்னார்." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிரின்சிபால்கிட்ட மெயின் விஷயத்தை நான் சொல்லப்போறதில்ல. நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்கள். போய்ச் சொன்னேன். எச்சரித்து அனுப்பினார். டீச்சர் அதோடு விடவில்லை. அடுத்த நாடகத்திலிருந்து எனக்கென்று வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். யார் முன்னாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று நான் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அந்தத் தாள்களில் கூட்டிக் கூட்டி வாசித்துப் பழகியதுதான். பதினோரு நாளாக எழுதுகிறேன் என்பது வேறு விஷயம்.

விஜிலா அன்று ஹாலுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, கெடச்சு" என்றாள். அதற்குள் பஸ் நேரம் ஆகிவிட்டது, அதே ஓட்டமாய்த் திரும்பி ஓடினாள்.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன். வசனம் எடுத்துக் கொடுப்பதில் நான் அதுவரை பாதி நேரம் என் பயத்துக்காகத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேடையில் ஒரு விநாடி சத்தம் இல்லையென்றால் எனக்குத் தாங்காது. உடனே வரியை நீட்டிவிடுவேன். ஒரு வருஷம், மகன் செத்த செய்தி கேட்ட தகப்பனாக நடித்த ஒரு பையன் பேசாமல் நின்றான். அழகாக நின்றான். நான் மறந்துவிட்டான் என்று நினைத்து "ஐயோ மகனே, ஐயோ மகனே" என்று மூன்று தடவை எடுத்துக் கொடுத்தேன், பக்கத்திலிருந்த மைக்கில் விழுந்து ஹால் முழுக்கக் கேட்டது. சனம் சிரித்துவிட்டது. அந்தப் பையன் பிறகு என்னிடம் வந்து, "பரவாயில்ல அண்ணே, உங்களுக்க சோலி அதுதானே" என்றான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

விஜிலா என் காலரைத் தொடாமல் நின்ற அந்த ஐந்து மூச்சில்தான் உறைத்தது. நான்காவது வரியில் நான் மறந்தேன், அவள் வந்தாள். கடைசி வரியில் நான் மறக்கவில்லை, அவள் வரவில்லை. எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன்.

"மறந்தவங்களுக்கு கண்ணு பக்கத்துல ஓடும் அண்ணே. மொத தடவ நீங்க சைடத் திரும்பிப் பாத்திய. கடைசில என்னத்தான் பாத்திய."

இருபத்தைந்து வருஷம் பக்கத் திரையில் நின்ற எனக்கு இது தெரியாது. பேச்சே பாட்டு மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளை சொல்லித் தந்தாள். அதன் பிறகு நான் நடிப்பவர்களின் வாயைப் பார்ப்பதை விட்டேன், கண்ணைப் பார்த்தேன். கண் ஓடினால் வரி கொடுப்பேன். கண் நின்றால் நானும் நிற்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்த நாடகம் முதலில் நம் ஹாலில்தான் நடந்தது. அவளுடைய அப்பா வந்திருந்தார். வேட்டியைத் தழைய விட்டு, முன்வரிசையில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது காட்சியில் விஜிலா பேசவேண்டிய நீளமான ஒரு இடம். முதல் இரண்டு வரி சொன்னாள். பிறகு நின்றுவிட்டாள்.

அச்சடித்த தாள் என் கையில் இருந்தது. அடுத்த வரியில் விரலும் இருந்தது. வாயை முக்கால்வாசி திறந்துவிட்டேன். அவள் கண்ணைப் பார்த்தேன். ஓடவில்லை. எதிரில் நேராக நின்றது. வாயை மூடினேன். ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. நான்கு. ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. ஐந்தாவதில் அவள் பேச ஆரம்பித்தாள். அந்த மௌனத்துக்குப் பிறகு வந்த வரியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். ஓரத்தில் அப்பா எழுந்து நின்றே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திரை விழுந்ததும் பக்கத்துக்கு வந்தாள், வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கொடுத்தேன்.

"நல்லா நிறுத்துனே மக்களே. நான் வரி எடுத்துத் தரல்ல பாத்தியா? உனக்க கண்ணப் பாத்தேன், ஓடல்ல. நீ வேணும்னே நிறுத்துனேன்னு பிடிகிட்டிச்சு."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்தாள்.

"எங்க அண்ணே, சுத்தமா மறந்துபோச்சு."

"பின்ன கண்ணு ஓடல்லியே?"

"சைடுல நீங்க நிக்கியன்னு தெரியும்லா," என்றாள். "பிறவு அது எதுக்கு ஓடணும்?"